வக்கீல் விட்காமுக்கு ஒரு பதவி

— அந்த ஜன்னலையே முறைச்சுக்கிட்டு நிக்காதீங்க, வக்கீலய்யா. நீங்க முறைச்சா உள்ள ஓட்டு கூடிடுமா?

— நான் எங்க முறைச்சேன், கெசியா? வெளிய பனி விட்டிருக்கா, இன்னும் பெய்யுதான்னு பாத்தேன்.

— பனி பெய்யறது அந்தப் பக்கம். நீங்க பாக்கறது சர்ச்சு வாசல். ஊர் ஆம்பளைங்க அத்தனை பேரும் மார்ச் மாசக் கூட்டத்துக்கு அதுக்குள்ள உக்காந்திருக்காங்க. நீங்க மட்டும் என் சாராயக் கடையில கால் காயவெச்சுக்கிட்டு. சட்டசபைக்கு நிக்கற மனுஷன் அங்க இருக்க வேண்டாமா?

— அதாவது, நிக்கறவன் எதிர்லயே உக்காந்திருந்தா ஜனங்களுக்குக் கூச்சமா இருக்கும். மனசுல பட்ட பேரை எழுதிப் போட மாட்டாங்க. நாகரிகம் கருதி வெளிய வந்துட்டேன்.

— எனக்கெதுக்கு ஊர் வம்பு. ஆனா கூட்டத் தலைவரே உங்களைக் கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரச் சொன்னதா காதுல விழுந்துச்சு.

— அதுக்குள்ளயா?

— நீங்க ரோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. என்ன ஆச்சு?

— பேச எழுந்தேன். "கனவான்களே"ன்னு ஆரம்பிச்சேன். பின் வரிசையில எவனோ உறுமினான்.

— உறுமினானா?

— பன்னி மாதிரி, கெசியா. தத்ரூபமா. அப்புறம் இன்னொருத்தன். அப்புறம் வரிசையா. இத்தனை வருஷம் ஆகியும் மறக்க மாட்டேங்கறாங்க.

— எப்படி மறப்பாங்க? நம்ம நியூ ஹாம்ப்ஷயர் முழுக்கச் சிரிச்ச கதையாச்சே! நம்ம ஊர் சார்பா கான்கார்டு சட்டசபைக்குப் போனீங்க. போயி மொத்தமா கொண்டு வந்தது ஒரே ஒரு மசோதா. அதுவும் பன்னியைப் பத்தி.

— பன்னியைப் பத்தி இல்ல! மேற்படி பன்னியைப் பிடிக்கற பதவியைப் பத்தி. புதுசா கல்யாணம் ஆனவனை ஊர்க்கூட்டத்துல எழுப்பி நிக்க வெச்சு, "இந்த வருஷப் பன்னிக்காவல் நீதான்"னு எல்லாருமா கை தூக்கி, தெரு சுத்தற பன்னி ஒண்ணு விடாம பிடிச்சு மூக்குல வளையம் போடச் சொல்றது ஒரு குடியரசுக்கு அழகான்னு கேட்டேன். இங்கிலாந்து ராஜாவையே விரட்டினவங்க நாம, ஒரு மாப்பிள்ளையைப் பன்னி பின்னால விரட்டலாமான்னு கேட்டேன்.

— நல்லாத்தானே இருக்கு. சபையில என்ன சொன்னாங்க?

— உறுமினாங்க. சபாநாயகர் மட்டும் உறுமலை. அவர் கைக்குட்டையை வாயில அடைச்சுக்கிட்டார். அப்புறம் மசோதாவை மேஜை மேல வெச்சுட்டு வேற வேலையைப் பாக்கப் போனாங்க. அது இன்னும் அந்த மேஜை மேலதான் இருக்கணும், யாராவது அதுல ரொட்டி வெச்சுத் தின்னிருந்தாலொழிய.

— உங்களுக்கு அந்தப் பதவி மேல அப்படி என்ன கோவம்? கல்யாணம் ஆன ஒவ்வொருத்தனும் ஒரு வருஷம் பாக்கறதுதானே? என் வீட்டுக்காரர் ஏமோஸ், உயிரோட இருந்தப்போ, அவர்கூடப் பாத்தார். சிரிச்சுக்கிட்டே பிடிப்பார். இந்த வருஷம் ஜேபெஸ் பயலுக்கு. அறுப்பு முடிஞ்சு கல்யாணம் பண்ணினானே, அவனுக்குத்தான்.

— ஏமோஸ் பலசாலி. பன்னியே அவரைப் பாத்து வழி விடும். நான் என்ன பண்ணேன்? கல்யாணக் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனேன். அதிகாரியாச்சே, அதிகாரி மாதிரி இருக்கணும்னு. பாதிரியார் வீட்டுத் தோட்டத்துல ஒரு பெருத்த பெட்டைப் பன்னி. நான் அதுக்குச் சட்டத்தைப் படிச்சுக் காட்டினேன்.

— பன்னிக்கா?

— முதல்ல எச்சரிக்கை கொடுக்கணும்ல? அது கேட்டுச்சு. முழுசாக் கேட்டுச்சு. அப்புறம் என் காலுக்கு நடுவுல புகுந்து என்னைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. ஓடையில கொண்டு போய்ப் போட்டுச்சு. அன்னிக்குன்னு ஊர் ஊரா வந்து வழக்கு கேக்கற நீதிபதி குதிரையில வரார். தொப்பியைத் தூக்கி எனக்கு வணக்கம் சொன்னார். நான் தண்ணிக்குள்ள இருந்து பதில் வணக்கம் சொன்னேன்.

— அய்யோ! உங்க சம்சாரம் லிடியா பாத்தாங்களா?

— மாடி ஜன்னல்ல இருந்து பாத்தா. அவ சிரிச்ச சிரிப்பு... ஒரு வாரம் சிரிச்சா. சாப்பிடறப்போ, ஜெபம் பண்றப்போ. கடைசியில படுக்கையா கிடந்தப்போகூட, மருந்து கொடுக்க நான் உள்ள போனா, "எச்சரிக்கை கொடுத்துட்டு வாங்க, எல்நாதன்"னு சொல்லுவா.

— நல்ல மனுஷி.

— நல்ல மனுஷி. அடுப்புல வெச்ச அந்தக் கம்பி சிவந்துடுச்சு பாரு, கெசியா.

— பாத்துட்டேன். இந்தாங்க குவளையைப் பிடிங்க. பீரும் ரம்மும் கலந்தாச்சு, வெல்லப்பாகு தாராளமா போட்டிருக்கேன். கம்பியை முக்கறப்போ மூஞ்சியைத் தள்ளி வெச்சுக்குங்க, பொங்கும்.

— ஆஹா. ஜெயிச்சாலும் தோத்தாலும் இது ஒண்ணு போதும்.

— ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களை யாரு வக்கீலுக்குப் படிக்கச் சொன்னது?

— எங்க அப்பாவோட காது. சுதந்திரப் போர்ல பீரங்கிப் பக்கத்துல நின்னு காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. அதனால வீட்டுல எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். ரோட்டுல போன பாதிரியார், நான் உப்பு கேக்கறதைக் கேட்டுட்டு, "இந்தப் பிள்ளை வழக்காடப் பிறந்தவன்"னு சொல்லிட்டார்.

— அது சரி!

— ஒரு பெரிய வக்கீல் வீட்டுல கொண்டு போய் விட்டாங்க. சட்டம் படிச்சேன். அதாவது, விறகு பிளந்தேன், குதிரை தேச்சேன், அவர் பேரனைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். மிச்ச நேரத்துல புத்தகம். இருந்தது ஒரு புத்தகம். அதுலயும் நடுவுல எலி புகுந்துடுச்சு. நிலம் பத்தித் தெரியும், கடன் பத்தித் தெரியும். புருஷன் பெண்டாட்டி அத்தியாயம் மட்டும் எலி வயித்துக்குள்ள போயிடுச்சு.

— அதான் பாத்தாலே தெரியுதே.

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல, குடிங்க. முதல் வழக்காவது ஜெயிச்சீங்களா?

— சேணம் திருடினதா ஒருத்தன் மேல வழக்கு. அவன் குற்றமற்றவன்னு நான் பேசினேன் பாரு, ஜூரியில மூணு பேர் கண்ணைத் தொடைச்சாங்க. அவ்வளவு உருக்கம். உருக்கம் தாங்காம என் கட்சிக்காரனே எழுந்து நின்னு, "இப்படிப்பட்ட நல்லவரை ஏமாத்த மாட்டேன், சேணத்தை நான்தான் எடுத்தேன்"னு அழுதுட்டான்.

— அட போங்க! அப்படிப்பட்டவரை நம்பி ஊர்க்காரங்க சட்டசபைக்கு வேற அனுப்பினாங்களே, அவங்களைச் சொல்லணும். அந்தப் பாலத்தை மறந்துட்டீங்களா?

— பாலத்தைப் பத்தி மட்டும் பேசாதே.

— நான் பேசலன்னா ஆறு பேசும். ஆத்துக்கு மேல ஒரே ஒரு பாலம் கட்டப் போறாங்க, நம்ம ஊர்லயா, பக்கத்து ஊர்லயான்னு வாக்கெடுப்பு. நம்ம ஆளு அங்க இருக்காரேன்னு நாங்க நிம்மதியா தூங்கினோம்.

— கெசியா, அந்த பெஞ்சுல நீ உக்காந்திருந்தா தெரியும். வெறும் பலகை. பக்கத்து ஊருக்குப் பாலம் கொடுக்கலாம்கறவங்க எழுந்து நிக்கணும், வேண்டாம்கறவங்க உக்காந்திருக்கணும். நான் உக்காந்துதான் இருந்தேன், இரும்பு மாதிரி. என் இடது கால் மரத்துப் போச்சு. உதறிக்கலாம்னு எழுந்தேன். அந்த நேரம் பாத்து குமாஸ்தா எண்ணிட்டான்.

— ஒரு ஓட்டுல போச்சு.

— என் இடது கால் போட்ட ஓட்டு. பக்கத்து ஊர்க்காரங்க நன்றி மறக்காதவங்க. பாலத்துக்கு "விட்காம் பாலம்"னே பேர் வெச்சுட்டாங்க. இந்த நாட்டுல என் பேர்ல இருக்கற ஒரே பொருள் அதுதான். நம்ம ஆளுங்க ஆத்தைச் சுத்திக்கிட்டுப் போறப்பல்லாம் என் பேரைத் தவறாம சொல்றாங்க, வேற வேற அடைமொழியோட.

— இவ்வளவு தெரிஞ்சும் எதுக்கு மறுபடி நிக்கறீங்க? எதிர்ல நிக்கறது லெவி ஹஸ்கின்ஸ். மில்லு வெச்சிருக்கான், பாதிப் பேருக்கு அவன்தான் மாவு அரைச்சுக் கொடுக்கறான்.

— வேற என்ன பண்றது, கெசியா? வீட்டுல கடிகாரமும் நானும்தான் இருக்கோம். அதுவாவது மணிக்கு ஒரு தடவை பேசுது.

— ம். லெவி பேர் வந்ததால ஞாபகம் வருது. என் பத்திரம் எங்க?

— எந்தப் பத்திரம்?

— எந்தப் பத்திரமா! இந்தக் கடையை லெவிக்கு விக்கறதுக்கு உங்களை எழுதச் சொன்ன பத்திரம். மூணு தடவை எழுதிட்டீங்க, மூணு தடவையும் தப்பு. முதல் தடவை தெற்கு எல்லை வெள்ளை ஓக் மரத்துல ஆரம்பிக்குதுன்னு எழுதினீங்க. அந்த மரம் விழுந்து அடுப்புக்கே போயாச்சு. அடுத்த தடவை எல்லைக் கல்லுன்னு எழுதினீங்க, போய்ப் பாத்தா அது பக்கத்து வீட்டுக்காரரோட கோழிக் கூண்டுக்கு முட்டுக் கொடுத்த கல்லு. மூணாவதுல கிணத்தையே விட்டுட்டீங்க. கிணறு இல்லாத சாராயக் கடையை எவன் வாங்குவான்?

— எல்லை விவரம்கறது ரொம்ப நுணுக்கமான விஷயம். அவசரப்படக் கூடாது.

— எங்க அண்ணன் அவசரப்படறார். சேறு காஞ்சதும் வண்டி கட்டறார், ஒஹாயோவுக்கு. அங்க மண்ணு சும்மா கருகருன்னு இருக்காம், கல்லே கிடையாதாம். "நீ தனியா இங்க என்ன பண்ணப் போற, கூட வா"ன்னு பிடிவாதமா நிக்கறார். கூட்டம் முடிஞ்சு வர்றப்போ முடிவு சொல்லிடணுமாம். இன்னிக்கு.

— இன்னிக்கா?

— இன்னிக்கு.

— ஒஹாயோவுல காய்ச்சல் அதிகம்னு கேள்விப்பட்டேன்.

— நானும் கேள்விப்பட்டேன்.

— பாம்பும் உண்டாம்.

— அதையும் சொன்னாங்க. வேற எதாவது சொல்லணுமா, வக்கீலய்யா?

— கெசியா, அதாவது... இதுக்கு ஒரு முன்னுரை இருக்கு.

— முன்னுரை வேண்டாம். நேரா விஷயம்.

— நேரா விஷயத்துக்கு வந்து எனக்குப் பழக்கமில்ல. சரி. எனக்கு ஒரு கட்சிக்காரர் இருக்கார்னு வெச்சுக்க. பேர் வேண்டாம். கொஞ்சம் வயசானவர். குணம் பரவாயில்ல. சட்டசபை அனுபவம் உண்டு.

— பன்னி அனுபவம்?

— அதுவும் உண்டு. மேற்படி கட்சிக்காரர் ரொம்ப நாளா ஒரு விஷயத்தைக் கேக்கணும்னு...

— என்ன கேக்கறார்?

— கேக்கலை. அதுதான் வழக்கே.

— வயசான மனுஷன், வாய் இல்லையா? அவரையே நேர்ல வரச் சொல்லுங்க.

— அவருக்குக் கால் மரத்துப் போச்சு, கெசியா.

— அப்ப எழுந்து உதறிக்கச் சொல்லுங்க! நானும் எவ்வளவு நேரம்தான் இந்தக் கம்பியையே காய வெச்சுக்கிட்டு...

— கெசியாக்கா! தலைவருக்கு ஒரு குவளை வேணுமாம். சூடா. தொண்டை கட்டிடுச்சு.

— வாடா ஓபத். நீ கூட்டத்துக்குக் காவலரா, தண்ணி தூக்கறவனா? அந்தக் கோலைக் கதவுல இடிக்காதே, போன மாசம்தான் சரி பண்ணேன். ஓட்டு எண்ணியாச்சா?

— எண்ணிக்கிட்டிருக்காங்கக்கா. வக்கீலய்யா, வணக்கம். நான் உறுமலைங்க. என் மேல கோவப்படாதீங்க. நான் கதவுகிட்ட நின்னேன்.

— தெரியும், ஓபத். உன் குரல் இல்ல அது. உன்னோடது இன்னும் கொஞ்சம் கட்டை.

— ஓபத், இங்க வா. காதைக் கொடு.

— என்னக்கா... அக்கா! நிஜமாவா?

— கத்தாதே. போய் எங்க அண்ணன் காதுல மட்டும் போடு.

— உங்கண்ணன் காதுல போட்டா ஊர் முழுக்கப் போட்ட மாதிரிதானேக்கா.

— அதுக்குத்தான் சொல்றேன். ஓடு. குவளையைச் சிந்தாதே.

— என்ன சொல்லி அனுப்பின, கெசியா?

— பொம்பளைங்க எங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே. இப்படித்தான் ஏதாவது பண்ணணும். உங்களுக்கு ஆதரவு சேத்தேன்.

— எனக்காகவா?

— ரொம்ப நெகிழ்ந்துடாதீங்க. உங்களை எதுக்காவது தேர்ந்தெடுக்காம விட மாட்டாங்க இன்னிக்கு. காய வெச்ச ஆப்பிள்ல பண்டம் சுட்டிருக்கேன், ஒரு துண்டு தரவா?

— இப்ப வேண்டாம். ஜெயிச்சா நான் ஜூன் மாசம் கான்கார்டு போயிடுவேன். தோத்தா இங்க இருப்பேன். ஆனா நீ ஒஹாயோவுல இருப்ப. இதுல எது ஜெயம்னே புரியல.

— எல்லாத்துக்கும் ஒரு புத்தகம் பாத்தே பழகிட்டீங்க.

— அந்த அத்தியாயத்தைத்தான் எலி தின்னுடுச்சே.

— ஐயா... நான்தான் மறுபடி. ஓபத்.

— வா. உன் மூஞ்சியே சொல்லுது. சொல்லு.

— லெவி ஹஸ்கின்ஸ் ஜெயிச்சுட்டாருங்க. ரொம்ப... ரொம்ப ஓட்டு வித்தியாசத்துல. என் மேல கோவப்படாதீங்க.

— எனக்கு ஒண்ணுமே விழலையா?

— விழுந்துச்சுங்க. பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல "விட்காமோட இடது கால்"னு எழுதியிருந்துச்சு. அதைச் சேக்கலாமா கூடாதான்னு விவாதம் ஆயிடுச்சு.

— சேத்தாங்களா?

— காலுக்கு வயசு வந்துடுச்சுன்னு சேத்துட்டாங்க. அப்பவும் பத்தல. நான் போறேங்க, மிச்சப் பதவிகள் ஓடிக்கிட்டிருக்கு. வேலி பாக்கறவர், பட்டி பாக்கறவர்...

— போ, ஓபத். கதவைச் சாத்திட்டுப் போ. குளிர் வருது.

— வக்கீலய்யா.

— சிரி, கெசியா. சிரிச்சா நல்லா இருக்கும். என் கால் என்னைவிட அதிகம் ஓட்டு வாங்கியிருக்கு.

— எனக்குச் சிரிப்பு வரல.

— சரி. ஒரு வேலையையாவது ஒழுங்கா முடிக்கறேன். கோட்டுப் பையில இருக்கு, இரு. இந்தா. பத்திரம். நாலாவது தடவை. ஓக் மரம் நின்ன குழியில ஆரம்பிக்குது, சரியான எல்லைக் கல்லுல முடியுது, கிணறு இருக்கு, கிணத்துக் கயிறுகூட இருக்கு. லெவி கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. உங்க அண்ணன் வண்டியில நல்ல பக்கமா பாத்து உக்காரு. பின்னால உக்காந்தா தூக்கிப் போடும்.

— இதுல தப்பே இல்லையா?

— இல்ல.

— இதை எப்ப எழுதினீங்க?

— முதல் பத்திரம் எழுதின அன்னிக்கே. அந்த ஓக் மரம் விழுந்தது எனக்குத் தெரியும், கெசியா. விழுந்தப்போ நான் பக்கத்துல நின்னேன்.

— எனக்கும் தெரியும். நீங்க நின்னதை நான் இந்த ஜன்னல்ல இருந்து பாத்தேன்.

— தெரிஞ்சுமா மூணு தடவையும் திருப்பிக் கொடுத்த?

— நீங்க தப்பா எழுதினீங்க. நான் கண்டுபிடிச்சேன். அவரவர் வேலையை அவரவர் செஞ்சோம்.

— ஐயா! ஐயா! வக்கீலய்யா!

— மூச்சு விடு, ஓபத். இப்ப என்ன? லெவி கான்கார்டு போக மாட்டேன்னுட்டாரா?

— இல்லைங்க. உங்களைத் தேர்ந்தெடுத்துட்டாங்க! ஒருத்தர்கூட எதிர்க்கலைங்க!

— என்னையா? எதுக்கு? வேலிக்கா?

— இல்லைங்க.

— பட்டிக்கா? தோல் தரம் பாக்கவா? சொல்லித் தொலையேன்.

— சொல்றதுக்கே பயமா இருக்குங்க. நீங்க அதை எதிர்த்துச் சட்டமே கொண்டு வந்தவரு. பன்னிக்காவல்ங்க. நீங்களும் ஜேபெஸும்.

— அடப் பாவிங்களா! இந்த வயசுல இப்படி ஒரு கேலியா! தோத்தவனை விட்டுடக் கூடாதா?

— யாருமே கேலி பண்ணலைங்க, அதான் எனக்கும் ஆச்சரியம். அக்காவோட அண்ணன்தான் எழுந்து உங்க பேரைச் சொன்னாரு. "வண்டியில ஒரு இடம் காலி"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாரு. உறுமினவன்கூடத் தொப்பியைக் கழட்டிட்டுக் கை தூக்கினான்.

— ஆனா... ஓபத், அது புதுசா கல்யாணம் ஆனவனுக்குக் கொடுக்கற பதவியாச்சே! நான் பொண்டாட்டியை இழந்தவன். தனி ஆள். அதாவது, சட்டப்படி இந்தத் தேர்தலே செல்லாதே!

— செல்லாததைச் செல்ல வைக்கறதுதானே உங்க தொழில், எல்நாதன்? அடுப்பு நல்லா எரியுது, இந்தப் பத்திரத்தை நீங்களே அதுல போடுங்க.